இனி இந்தக் கணினியில் இயங்காது

கீரனூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வரிசை பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. எதுவும் எங்களுடையதில்லை. பெங்களூரில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம் பார்சலில் அனுப்பிவைத்தவை. பிட்காயின் போன்ற காசுகளை வைத்துக்கொள்ள உதவும் வாலட் செயலி ஒன்றை அந்த நிறுவனம் நடத்திவந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அது பழைய விண்டோஸிலும் பழைய போன்களிலும் ஓடுகிறதா, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தமிழ் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். செயலிக்குள் வரும் தமிழ் வாசகங்களும் நான் எழுதியவை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே கிடைத்த வேலை. அதனால் அதன் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அந்தப் பழைய பெட்டிகளின் சுபாவங்கள் எனக்கு அத்துப்படி. ஒன்று வெயில் ஏறினால் அணைந்துவிடும். ஒன்றை மூடியைப் பாதி சாய்த்தால்தான் திரை தெரியும். வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் திருச்சிக்குக் கிளம்பிய பிறகு, நான் மாடிக்குப் போய் அவற்றை ஒவ்வொன்றாக எழுப்புவேன்.

ஒரு நாள், பழைய கணினிகளைக் கைவிடுவது என்று நிறுவனம் முடிவெடுத்தது. அவற்றுக்காகத் தனியாக உழைப்பது கட்டுப்படியாகவில்லை, பாதுகாப்பும் குறைவு என்றார்கள். நியாயமான காரணம்தான். செயலியைத் திறந்ததும் பழைய கணினிக்காரர்களுக்குக் காட்ட ஓர் அறிவிப்பு வேண்டும் என்றார்கள். நான் இப்படி எழுதினேன்: 'இந்தப் பழைய கணினியில் செயலி இனி இயங்காது. உங்கள் காசு பத்திரமாக இருக்கிறது. வேறு கணினியில் திறந்துகொள்ளலாம்.'

அதுதான் உண்மை. காசு லேப்டாப்புக்குள் இருப்பதில்லை. அது உலகம் முழுக்கப் பல கணினிகளில் பதிவாகி இருக்கிறது. லேப்டாப்பில் இருப்பது அதன் சாவி மட்டும்.

மேலாளர் போன் செய்தார். சேலத்துக்காரர், ஒருபோதும் குரல் உயர்த்தாதவர்.

"ரொம்ப சாதுவா இருக்குங்க. இதைப் படிச்சா யாரும் கம்ப்யூட்டர மாத்த மாட்டாங்க. கொஞ்சம் பயம் வரணும்."

"காசு போயிடும்னு நெனச்சுக்குவாங்க சார். போகாதே."

"நெனச்சுக்கட்டும். அப்பதான் மாத்துவாங்க."

இரண்டாவது வாக்கியத்தை அவர் எடுத்துவிட்டார். கடைசியில் சிவப்பு எழுத்தில் வெளியானது இதுதான்: 'உங்கள் கணினி காலாவதியாகிவிட்டது. உங்கள் காசுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. உடனே மாறவும்.' கீழே ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் செயலி மூடிக்கொள்ளும்.

அந்த வாரம் வந்த போன்களில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் ஏசினார்கள். மதுரையிலிருந்து ஒரு பெரியவர் தன் மகனை நான் ஏமாற்றிவிட்டதாக என்னைச் சபித்தார். "மாத்துறவங்க கூடியிருக்காங்க, நல்ல மெசேஜ்" என்று மேலாளர் பாராட்டினார்.

என் பள்ளித் தோழி கூப்பிட்டதும் அப்போதுதான். கீரனூரில் ஒரே வகுப்பில் படித்தோம். ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் பல வருஷம் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஊர் திரும்பியவர். குழந்தை இல்லை. திரும்பி வந்த அடுத்த கோடையில் பக்கவாதம் தாக்கி வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

"நீ அந்தக் காயின் கம்பெனிலதானடி இருக்க?" என்றாள். "அவரு லேப்டாப்ப இத்தன நாளா யாரும் தொறக்கல, இப்பத் தொறந்தா செவப்பா என்னமோ வருது. காசுக்குப் பாதுகாப்பு இல்லையாம். எனக்குக் கை காலே ஓடல. நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மறுநாள் மினி பஸ் பிடித்துப் போனேன். வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடு. கீழ்த்தளம் டைல்ஸ் போட்டு முழுசாக இருந்தது. மாடி பூச்சு வேலையோடு நின்றுபோயிருந்தது, கம்பிகள் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முன் ஹாலில் திருஇருதயப் படத்துக்குக் கீழே கட்டில். அதில் அவர் சாய்ந்திருந்தார். வாயின் வலது ஓரம் இறங்கி, எச்சில் வடிந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. கண் மட்டும் முழு ஆளாக இருந்தது.

தோழியின் அண்ணன் அங்கேயே வந்து தங்கியிருந்தார். ஆலங்குடிப் பக்கம் தேங்காய் வியாபாரம். தங்கைக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று சொல்லி வந்தவர், போகவில்லை.

"வாங்க தங்கச்சி, ஒக்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். "மாப்ள ஒடம்பு நல்லா இருக்கையில ஆயிரம் தடவ சொல்லிருக்காரு, எல்லாத்தையும் காயின்லதான் போட்டு வச்சிருக்கேன், கடைசிக் காலத்துக்கு அது போதும்னு. இப்பக் கேட்டாலும் இருக்குங்கிறாரு. பாக்குறீங்களா?"

கட்டிலின் பக்கம் குனிந்து, "மாப்ள, காசு இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். செவிடரிடம் கேட்பதுபோல.

"இருக்கு" என்றார் அவர். தெளிவாக.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு சொல் மட்டும்தான் அவருக்கு மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றாலும் இருக்கு, வலிக்கிறதா என்றாலும் இருக்கு, உன் பெயர் என்ன என்றாலும் இருக்கு. டாக்டர் இதை அவர்களுக்கு விளக்கித்தான் அனுப்பியிருந்தார். காசு விஷயத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

சுவரோரம் ஓர் அட்டை இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. பாஸ்வேர்டு வாங்குவதற்காக அண்ணன் செய்த ஏற்பாடு. அவரே செய்து காட்டினார். அட்டையை மார்பில் நிமிர்த்தி வைத்து, நோயாளியின் இடது கை விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். "இதா? இதா? தலைய ஆட்டுங்க." அவர் தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவருடைய இடது புஜத்தின் உட்பக்கச் சதையைப் பிடித்துத் திருகினார். கண் திறந்தது.

"வலது பக்கம் கிள்ளுனா தெரியாது. இங்கிட்டுத்தான் உணர்ச்சி இருக்கு" என்றார்.

அந்தப் புஜம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. தோழி காபி எடுத்து வந்தாள். எனக்குக் கொடுத்தாள், அண்ணனுக்குக் கொடுத்தாள். கட்டிலுக்கு எதுவும் வரவில்லை.

"அவருக்கு?"

"சொன்னாத்தான்" என்றார் அண்ணன். "நீங்க மெசேஜ் போட்ட நாள்ல இருந்து அப்படித்தான். காலைல ஒரு தடவ கஞ்சி. மத்ததெல்லாம் பாஸ்வேர்டு சொன்ன பெறகு."

நான் அவர்களுக்கு விளக்கிப் பார்த்தேன். லேப்டாப் பழசானதால் காசு எங்கும் போய்விடாது, அவசரமே இல்லை, பத்து வருஷம் கழித்தும் எடுக்கலாம் என்றேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு லேப்டாப்பை எடுத்துவந்து செயலியைத் திறந்து, சிவப்பு எழுத்துகளின் மேல் விரலை வைத்து வாசித்தார்.

"உங்கள் காசுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை. இது தமிழ்தானுங்களே? ஒங்க கம்பெனிதான எழுதுச்சு?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம்?"

என் பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. சோதனைக்காக எங்களுக்குள் மட்டும் வைத்திருந்த பதிப்பு அதில் இருந்தது. அந்த அறிவிப்பு இல்லாத பதிப்பு. அதை வெளியாட்கள் கணினியில் போடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. திறந்து காட்டிவிட்டால் இவர்கள் பயம் போகும், காசு அங்கேயே இருப்பதைக் கண்ணால் பார்த்தால் அந்த மனுஷனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் செயலியில், காசை அனுப்பத்தான் பாஸ்வேர்டு வேண்டும். இருப்பைப் பார்க்க வேண்டாம்.

போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து வேலையைத் தொடங்கினேன். அண்ணனுக்கு அப்போது வியாபார போன் ஒன்று வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். தோழி அடுப்பங்கரையில் இருந்தாள். நான் கட்டிலின் ஓரத்தில், அவருடைய இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். செயலி திறந்தது.

இருப்பு பூஜ்யம்.

இணைப்பில் கோளாறோ என்று மறுபடி பார்த்தேன். பூஜ்யம்தான். கீழே போக்குவரத்து விவரம் வரிசையாக இருந்தது. ஆரம்ப வருஷங்களில் காசு உள்ளே வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அதற்கப்புறம் மாதம் ஒருமுறை, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருந்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எல்லாம் தீர்ந்த மாதத்தோடு வரிசை நின்றது. அவர் ஊர் திரும்பியது அதற்கு அடுத்த மாதம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே அவருக்கு வேலை போயிருக்கிறது. வீட்டுக்குச் சொல்லவில்லை. சேர்த்துவைத்த காசை மாதாமாதம் விற்று, சம்பளம் என்று அனுப்பியிருக்கிறார். அந்த மாதங்களில்தான் இந்த வீட்டின் மாடி எழும்பியது. தீர்ந்தபோது திரும்பிவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய இடது கை மெதுவாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இவர் ஏன் அட்டையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பது அப்போது விளங்கியது. பாஸ்வேர்டு சொல்லாதவரைக்கும் கஞ்சியாவது வரும். சொல்லிவிட்டால் அதுவும் நின்றுபோகும்.

செயலியை மூடினேன். பென்டிரைவில் இருந்து போட்டதை அழித்தேன். அண்ணன் உள்ளே வந்து, "என்னாச்சு தங்கச்சி?" என்று கேட்டபோது, "தொறக்கல. ரொம்பப் பழைய சிஸ்டம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் கிள்ளல் தொடர்ந்திருக்கும். அந்த இடத்தில், யோசிக்காமலே, ஒரு பொய் வந்தது.

"பாஸ்வேர்டு தேவையில்லண்ணே. இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கம்பெனியே தொறந்து குடுக்கும். ஆனா கேமராவுல அவரு முகத்தப் பாப்பாங்க. பழைய போட்டோவோட ஒத்துப் போகணும். இப்ப இருக்குற முகம் ஒத்துக்காது. எளச்சுப் போயிருக்காரு, ஷேவ் பண்ணல. காயம் எதுவும் தெரிஞ்சாலும் சந்தேகப்பட்டு மொத்தமா பூட்டிருவாங்க."

அண்ணன் கட்டிலைப் பார்த்தார். ஒரு மாட்டை விலை பேச வந்தவர் அதைச் சுற்றிப் பார்ப்பதுபோல, அந்த முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"எவ்வளவு நாளாகும்?"

"அது அவரு தேறுறதப் பொறுத்து."

அன்று சாயங்காலமே அவருக்கு முட்டை அவித்துக் கொடுத்தார்களாம். தோழி போனில் சொன்னாள்.

அதன் பிறகு மாதாமாதம் போனேன். ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பைத் திறந்து கேமராவை அவர் முகத்துக்கு நேராக வைப்பேன். ஏதோ தட்டுவேன். உதட்டைப் பிதுக்குவேன். "இன்னும் கன்னம் கொஞ்சம் பூசணும்" என்பேன். அடுத்த முறை போகும்போது கன்னம் பூசியிருக்கும். ஒருநாள்விட்டு ஒருநாள் ஷேவ் செய்ய ஆள் வந்தது. அண்ணன் கையாலேயே மீன் முள் எடுத்து ஊட்டியதை என் கண்ணால் பார்த்தேன். ஸ்பூன் பல்லில் இடிக்க இடிக்கத் திணித்தாலும், ஊட்டினார். வாய் கோணல் நிமிர்ந்தால்தான் கேமரா ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்லிவைத்ததால், புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை ஆட்டோ வைத்து அழைத்துப்போனார்கள். அங்கே பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். புஜத்தின் திட்டுகள் மறைந்தன.

அந்த மாதங்களில் அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சிநேகம் உண்டானது. நான் கேமராவைத் திருப்பும்போது அவர் இடது கண்ணை லேசாகச் சுருக்குவார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். வெளியாள் யாராவது லேப்டாப்பைப் பார்த்தால் எல்லாம் அன்றோடு முடிந்துபோகும் என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. லேப்டாப்பில் இருக்கும் சாவி ஃபைலை எடுத்து வேறு கணினியில் போட்டுத் திறக்க, விஷயம் தெரிந்தவருக்குச் சிறிது நேரம் போதும்.

பயிற்சியில் அவருக்குச் சொற்கள் திரும்பத் தொடங்கின. முதலில் 'தண்ணி' வந்தது. அடுத்து 'போ'. தோழிக்கு அது பெரிய சந்தோஷம். போன் செய்து அவர் வாயால் தண்ணி என்று சொல்வதை எனக்குக் கேட்கவைத்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

மூன்றாவது சொல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து உறவுக்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல அவர்களுக்கு வேடிக்கை காட்டக் கேட்டார், "மாப்ள, காசு இருக்கா?"

"இல்ல" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். "இல்ல." அட்டையில் இருந்த ஓர் எழுத்தைக் காட்டி இதுவா என்று கேட்டால் சும்மா இருந்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் தலையாட்டினார். காசு என்றால் மட்டும் 'இல்ல'. மனைவியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார் என்று அன்று இரவு போனில் அவளே என்னிடம் சொன்னாள். அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் மீன் வாங்கவும் ஆட்டோவுக்கும் நகையைக் கழற்றிக்கொண்டிருப்பதைக் கட்டிலில் இருந்தபடி அவர் பார்த்திருக்கலாம்.

மறுநாள் அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தாராம். டீ குடித்து முடிப்பதற்குள் திறந்துவிட்டாராம். பூஜ்யத்தைக் காட்டியதோடு, இதற்கு முன்னாலேயே இதே லேப்டாப்பில் யாரோ வேறொரு பதிப்பைப் போட்டுத் திறந்து அழித்த தடயம் இருக்கிறது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் மூன்று பைக்குகள் நின்றன. என் வீட்டுக்காரர் அப்போதுதான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே பேசினார்.

"நல்லாத்தான் நடிச்ச. முகம் பூசணும், கன்னம் பூசணும்னு எங்கள ஆட வச்சுட்டு, மொதல்நாளே எடுத்துட்ட."

'தங்கச்சி' என்ற அழைப்பும் போயிருந்தது, 'வாங்க போங்க'வும் போயிருந்தது.

என் லேப்டாப்பை வாசலுக்கு எடுத்து வந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அந்தப் பொதுப் பதிவில் அவர் கணக்கைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். காசு வெளியே போன ஒவ்வொரு தேதியும் அவர் வளைகுடாவில் இருந்த காலத்தது என்று சொன்னேன். மாதாமாதம் உங்களுக்கு வந்த சம்பளம்தான் இது என்றேன்.

"நீ கம்பெனி ஆளு. தேதிய மாத்துறது ஒனக்குப் பெரிய காரியமா?"

தெருவில் கதவுகள் திறந்தன. அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர், "ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி தேதிகளைப் பார்த்தார். "இந்த நாள்ல இந்தக் கம்ப்யூட்டர் எங்க இருந்துச்சு?" என்று அண்ணனைக் கேட்டார். 'வெளிநாட்டுல, மாப்ளகிட்ட' என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. அத்துடன் போலீசில் அது முடிந்தது. ஊரில் முடியவில்லை. மளிகைக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

அண்ணன் நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டிருந்தார். மேலாளர் போன் செய்தார். அதே சாந்தமான குரல்.

"டெஸ்ட் வெர்ஷன வெளிய எடுத்துட்டுப் போனது உண்மைதானுங்களா?"

"உண்மைதான் சார். ஒரு மனுஷன தண்ணி குடுக்காம போட்டிருந்தாங்க. நம்ம மெசேஜப் படிச்சுட்டு."

"அது வருத்தம்தானுங்க. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பழைய சிஸ்டமெல்லாம் பேக் பண்ணி வைங்க, ஆளு வந்து எடுத்துக்குவாரு."

மறுவாரம் ஆள் வந்து எடுத்துப்போனார். அறையில் தூசியின் மேல் பெட்டிகளின் தடம் மட்டும் மிச்சம்.

தோழியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். ஹாலில் கட்டில் இல்லை. அண்ணன் டிவியையும் இன்வெர்டரையும் ஏற்றிக்கொண்டு ஆலங்குடிக்கே திரும்பிவிட்டிருந்தார். அவள் வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அவரு எங்கடி?"

கொல்லைப்புறத்தை முகத்தால் காட்டினாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடலை மூட்டைக் கொட்டகை. வெயில் உச்சியில் இருந்தது. உள்ளே தரையில் பாய் போட்டுக் கிடந்தார். மின்விசிறி இல்லை. மூத்திர வாடை கண்ணை எரித்தது. சில வாரங்களுக்கு முன் பூசி நிமிர்ந்திருந்த கன்னம் உள்ளே போயிருந்தது. தாடி ஒட்டிக்கிடந்தது.

பக்கத்தில் குந்தி, "அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. ஆனால் நம்பவில்லை. அவர் சொன்ன 'இல்ல'வை யாரும் நம்பாமல் சிரித்தார்கள், திறந்து பார்த்தது நான் ஒருத்திதான். லேப்டாப் திருச்சிக்குப் போனதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

"போ" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப அவருக்கு நேரம் எடுத்தது. நான் உதவ நீட்டிய கையை இடது கையால் தட்டிவிட்டார்.

வாசலுக்கு வந்து தோழியிடம் சத்தம் போட்டேன். அந்தக் காசைத்தானே மாதாமாதம் நீ சாப்பிட்டாய், மாடி கட்டினாய், ஒருநாளாவது குறைவாக அனுப்பினாரா என்று கேட்டேன்.

"சாப்டது செமிச்சுப் போச்சு" என்றாள். கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. "வேலை போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அந்த மாடிய எழுப்பிருப்பனா? இன்னைக்கு அது எங்கிட்டாவது விக்குமா? வாய் இருக்கையில சொல்லல. வாய் போன பெறகும் எனக்குச் சொல்லல, ஒனக்குத்தான் சொல்லிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் கண்ணக் கண்ணக் காட்டிச் சிரிச்சத நான் பாக்கலன்னு நெனச்சியா? மூத்தரத் துணி அலசுறது நானு. நீ மாசம் ஒருக்க வந்து கேமராவத் திருப்பிட்டுப் போவ."

"வெயில்ல செத்துருவாருடி."

"ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மாடி ரூமு காலியாத்தான இருக்கு?"

நான் கொல்லைப்புறம் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு கடலையை உடைத்து, சொத்தையாக இருந்ததால் எறிந்தாள். "போயிட்டு வா" என்றாள்.

பங்குச் சாமியார் தலையிட்டு, அந்தக் கோடை முடிவதற்குள் அவரைத் திருச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. நான் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை அவர் சக்கர நாற்காலியில் முற்றத்தில் இருந்தார். நன்றாகத் தேறியிருந்தார். பக்கத்தில் இருந்த கிழவரிடம் ஏதோ முழு வாக்கியமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் சிரித்தார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, இடது கையாலும் இடது காலாலும் நாற்காலியைத் தள்ளி முற்றத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"எல்லார்கூடவும் நல்லாப் பழகுறாரு. ஒங்களக் கண்டா மட்டும் ஏன் இப்படி? நீங்க என்ன வேணும் அவருக்கு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"தெரிஞ்சவங்க" என்றேன். வாழைப்பழத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போகிறேன். தோழியும் வீட்டைப் பூட்டிவிட்டு கீரனூரில் வாடகைக்கு வந்து, திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். அவள் முன்வாசலில் ஏறுவாள், நான் பின்வாசலில். கூட்டம் அதிகமான ஒரு நாள் உள்ளே தள்ளிக்கொண்டே வந்ததில், அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டியதாயிற்று. என் பை அவள் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பஸ்ஸில் வழக்கம், முன்பின் தெரியாதவர்கள்கூடச் செய்வார்கள். அவள் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணின் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.